ஏடி கமாண்டில் வைஃபை: ப்ராஜெக்டில் நான் பட்ட பாடு

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு, ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டோடு ஈஎஸ்பி 8266 என்ற வைஃபை மாட்யூலைச் சேர்த்து வெப்பநிலையை சர்வருக்கு அனுப்புவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். மாட்யூலுக்கு சீரியல் வழியே ஏடி கமாண்டுகளை, அதாவது 'ஏடி' என்று தொடங்கும் உத்தரவுகளை, நாலு வரி அனுப்பினால் போதும் என்ற நினைப்பு. திரையில் முதல் 'ஓகே' வரவே நான்கு நாள் ஆனது.

காரணம் அற்பம். ஒவ்வொரு கமாண்டும் வரி முடிவைக் குறிக்கும் சிஆர், எல்எஃப் என்ற இரண்டு எழுத்துகளில் முடிய வேண்டும். கணினியில் கமாண்டைத் தட்டி அனுப்பும் சீரியல் மானிட்டரில் அந்தத் தேர்வை நான் மாற்றவே இல்லை. ஆர்டுயினோவை ஓரமாக வைத்துவிட்டு, 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரில் மாட்யூலை நேராகக் கணினியோடு இணைத்து, 115200 பாட் வேகத்தில் கையால் தட்டிப் பார்த்துப் பழகுங்கள். பிறகு ஊனோவில் சாஃப்ட்வேர் சீரியல் (சாதாரண பின்களையே சீரியல் இணைப்பாக்கும் லைப்ரரி) பயன்படுத்துவதாக இருந்தால் வேகத்தை 9600-க்குக் குறைத்துவிடுங்கள். 115200-இல் அது எழுத்துகளை விழுங்கும்.

அடுத்தது பவர். வைஃபையில் சேரும் கமாண்டைக் கொடுத்ததும், வர வேண்டிய பதில் வராமல் குப்பை எழுத்துகளும் 'ரெடி'யும் வந்தால் மாட்யூல் ரீசெட் ஆகிறது என்று அர்த்தம். ஊனோவின் 3.3 வோல்ட் பின் தருவது 50 மில்லிஆம்பியர்தான். மாட்யூல் சில கணங்களில் 300-க்கு மேல் இழுக்கும். நான் பாஸ்வேர்டைத்தான் ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். தனி ரெகுலேட்டர், பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஊனோவுக்கும் மாட்யூலுக்கும் பொது கிரவுண்ட் என்று கொடுத்ததும் சரியானது. ஊனோவின் டிஎக்ஸ் (தரவை அனுப்பும் பின்) 5 வோல்ட்; அதை 1 கே, 2 கே ரெசிஸ்டர்களால் இறக்கித்தான் மாட்யூலுக்குக் கொடுக்க வேண்டும்.

என்னை அதிகம் படுத்தியது தரவை அனுப்பும் கமாண்டான சிஐபிசென்ட். எத்தனை பைட் அனுப்பப் போகிறோம் என்று முதலில் சொல்லி, '>' குறி வந்த பிறகுதான் தரவை அனுப்ப வேண்டும். வரி முடிவுக்கான இரண்டு எழுத்துகளும் கணக்கில் சேரும். நான் 42 பைட் என்று சொல்லிவிட்டு 40 அனுப்பினேன். மீதி இரண்டுக்காக மாட்யூல் காத்திருந்து, அடுத்த கமாண்டின் 'ஏடி'யையே தரவாக எடுத்துக்கொண்டது! கோளாறு அடுத்த வரியில் இருப்பதாக நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன்.

பதிலுக்குக் காத்திருக்க டிலே (குறிப்பிட்ட நேரம் சும்மா நிற்பது) போட்டுச் சமாளிக்காதீர்கள். ஐந்து வினாடி டிலே வைத்திருந்தேன். நெட்வொர்க் மெதுவானால் 'பிஸி' என்று பதில் வரும். எதிர்பார்க்கும் பதில் வரும்வரை படிப்பது, காலக்கெடு தாண்டினால் மறுபடி முயல்வது என்று ஒரு ஃபங்ஷன் எழுதிவிட்டால் போதும்.

வைவாவில் முதல் கேள்வியே 'ஏடி என்றால் என்ன?' என்பதுதான். 'அட்டென்ஷன்' என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் முழித்தேன். 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் என்ற தொலைபேசி மோடத்தின் வழக்கம் அது. அப்புறம் தேர்வாளர் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். வைஃபை தானாகவே ஒட்டிக்கொண்டது, ஆனால் தரவு போகவில்லை. சர்வரோடு உள்ள டிசிபி இணைப்பை சிஐபிஸ்டார்ட் என்ற கமாண்டைக் கொடுத்து மறுபடி நாம்தான் திறக்க வேண்டும்; என் ப்ரோக்ராமில் அந்த வரி, தொடக்கத்தில் ஒரே ஒரு முறை ஓடும் செட்டப்பில் மட்டும்தான் இருந்தது.