பாலியல் குற்றப் பதிவேடு: வேட்பாளரிடம் கேட்க வேண்டியதும் கேட்கக் கூடாததும்

பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பெயர், முகவரியை அரசு பதிந்துவைக்கும் பட்டியல்தான் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு. அமெரிக்கத் தேர்தல் கூட்டங்களில் அதைப் பற்றி அபூர்வமாகத்தான் யாராவது எழுந்து கேட்பார்கள். அப்படிக் கேட்பவரும் “பதிவேட்டுச் சட்டத்தைச் சீர்திருத்துவீர்களா?” என்று மொட்டையாகக் கேட்டுவிடுவார். “குழந்தைகள் பாதுகாப்பில் சமரசத்துக்கே இடமில்லை” என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். சீர்திருத்தம் என்ற சொல்லுக்குத் தலையாட்டினாலே எதிரணி அதை வைத்து விளம்பரம் எடுத்துவிடும் என்ற பயம் எல்லா வேட்பாளருக்கும் உண்டு.

ஆகவே, அவர் உட்காரப்போகும் நாற்காலியால் எதை மாற்ற முடியுமோ, அதை மட்டும் கேளுங்கள். நாடாளுமன்ற வேட்பாளர் என்றால் 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம். பதிவில் இருக்க வேண்டிய காலத்தை 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் என்று மூன்று அடுக்காக வகுத்தது அதுதான். சில கடுமையான குற்றங்களுக்கு 14 வயதுப் பிள்ளைகளையும் பதிவுக்குள் கொண்டுவந்ததும், இணங்காத மாநிலத்துக்கு மத்திய அரசு தரும் நீதித்துறை மானியத்தில் 10 சதவீதத்தை வெட்டுவதும் அதுவே. கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) ஆணையர் பதவிக்கு நிற்பவரிடம், பதிவில் இருப்பவர் பள்ளியிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் குடியிருக்கலாம் என்ற உள்ளூர் விதியைக் கேட்கலாம். நீதிபதி பதவிக்கு நிற்பவரிடம் கொள்கை வாக்குறுதி கேட்காதீர்கள். நடத்தை விதிகள் அவரைத் தடுக்கின்றன.

அதிகம் மாற்றக்கூடியவர் மாநிலச் சட்டமன்ற வேட்பாளர். அவரிடம் இப்படிக் கேட்கலாம்: “கலிஃபோர்னியாவில் முன்பு கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆயுள் பதிவு இருந்தது. 2021 முதல் அதை 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள் என்று பிரித்து, காலம் முடிந்தவர் நீக்கம் கோரி நீதிமன்றத்தில் மனு போட வழிசெய்தார்கள். நம் மாநிலத்திலும் அப்படி ஒரு மனு வழிக்கு வாக்களிப்பீர்களா?” அரை நிமிடத்தில் கேட்டுவிடலாம். இன்னொரு மாநிலம் ஏற்கெனவே செய்திருப்பதால் பதில் சொல்பவருக்கும் துணிச்சல் வரும். முடிவு நீதிபதி கையில் என்பதால், ‘எல்லோரையும் அவிழ்த்துவிடுகிறார்’ என்ற பழியும் எளிதில் ஒட்டாது.

புள்ளிவிவரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2005இல் 30 மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான பாலியல் குற்றவாளிகளில் 7.7 சதவீதம் பேர், அடுத்த 9 ஆண்டுகளில் மீண்டும் பாலியல் வன்முறைக்காகக் கைதானார்கள். இது மத்திய நீதித்துறைப் புள்ளியியல் பிரிவு 2019இல் வெளியிட்ட கணக்கு. இதைச் சொல்லி ‘ஆபத்தே இல்லை’ என்று முடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். மற்ற கைதிகளிடம் அதே விகிதம் 2.3 சதவீதம் என்று அதே அறிக்கை சொல்கிறது. தவிர, புகாராக வராத குற்றம் எந்தக் கைதுக் கணக்கிலும் வராது. பாதிக்கப்பட்டவர்களும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த எண்ணை ஒரே ஒரு வாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காமல், ஆளுக்கு ஆள் ஆபத்தை மதிப்பிட வேண்டும்.

கூட்டம் நடக்கும் இடத்தையும் முன்னாலேயே விசாரியுங்கள். பள்ளி அரங்கிலோ நூலகத்திலோ என்றால், பதிவில் இருப்பவர் உள்ளே நுழைவதே சில மாநிலங்களில் குற்றம். அவர் எழுத்தில் கேள்வி அனுப்பட்டும், அல்லது குடும்பத்தார் போய்க் கேட்கட்டும்.

வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு கேள்வித்தாள் அனுப்புவதில் வேறு சிக்கல். ஒரே பிரச்சினையை மட்டும் சுற்றும் கேள்வித்தாளை வாக்காளர்களிடம் பரப்பினால், வருமானவரித் துறை அதைத் தேர்தல் தலையீடாகக் கருத இடமுண்டு. பல துறைக் கேள்விகளோடு இதையும் சேர்த்து, எல்லா வேட்பாளருக்கும் ஒரே வாசகத்தில், ஒரே கெடுவோடு அனுப்ப வேண்டும். வந்த பதிலைச் சுருக்காமல் அப்படியே வெளியிட வேண்டும். மதிப்பெண்ணும் போடக் கூடாது. தனி வாக்காளருக்கு இந்தக் கட்டு எதுவும் கிடையாது.

மேடையில் மழுப்பிவிட்டார் என்றால் விட்டுவிடாதீர்கள். உடன் வந்திருக்கும் உதவியாளரின் மின்னஞ்சலை வாங்கி, அதே கேள்வியை அன்றிரவே எழுத்தில் அனுப்புங்கள். பல மாநிலங்களில் ஜனவரியிலேயே அவை கூடிவிடும், மசோதா தாக்கலுக்குக் கெடுவும் சீக்கிரமே முடியும். வென்றவருக்கு அந்த மின்னஞ்சலை நவம்பரிலேயே மறுபடி அனுப்பிவையுங்கள்.