சாய்ஸ் லிஸ்ட்டில் அப்பாவுக்காக ஒரு வரி

பொறியியல் கவுன்சலிங்கில் பெற்றோர் அதிகம் தலையிடுவது சாய்ஸ் ஃபில்லிங்கில்தான்; அதாவது, வேண்டிய கல்லூரியையும் பாடப் பிரிவையும் விருப்ப வரிசையில் வரி வரியாக நிரப்புவதில். காரியம் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் கட்ஆஃப், அதாவது சேர்க்கைக்குக் கணக்கிடும் மதிப்பெண். பிளஸ் டூ கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 92, 86, 90 என்றால் 92+43+45, ஆக 200-க்கு 180. அடுத்து, போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனையில் முடிந்தது என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் ஓ.சி. (பொதுப் பிரிவு) பத்தியோடு நிறுத்தி மனம் தளர வேண்டாம். பி.சி., எம்.பி.சி. என்று உங்கள் வகுப்புப் பிரிவின் பத்தியும் இருக்கிறது. அந்த எண்கள் வருடா வருடம் நகரும். அதனால் 180-க்கு, 186-இல் தொடங்கி 170 வரை இறங்கிப் போடச் சொல்வோம். எத்தனை வரி வேண்டுமானாலும் நிரப்பலாம்.

வரிசையில்தான் எல்லாமே. மென்பொருள் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். கிடைக்கிற முதல் இடத்தில் நின்றுவிடும். எட்டாததை மேலே வைப்பதால் நஷ்டமில்லை. 'சேஃப்' என்று சுமாரான கல்லூரியை மேலே ஏற்றினால் அதுவே கையில் வரும். பையன் மெக்கானிக்கல் கேட்கிறான், அப்பாவின் திருப்திக்காக நடுவில் ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று செருகுவது இதனால்தான் ஆபத்து. மரியாதைக்குப் போட்ட வரி எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பிள்ளையே முதலில் தாளில் வரிசை எழுதட்டும். "இது மட்டும் கிடைத்தால் சேருவியா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். தயங்கினால் அடித்துவிடுங்கள். சண்டையெல்லாம் தாளிலேயே முடியட்டும்.

பெற்றோருக்கு வேறு வேலை இருக்கிறது. கல்லூரியின் கோடு எண்ணைச் சரிபார்ப்பது: கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4; தனியார் கல்லூரிகளில் பெயர் ஒரே சொல்லில்தான் மாறும். திருவொற்றியூரிலிருந்து ஓ.எம்.ஆர். கல்லூரி என்றால் வேலை நாள் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், காலேஜ் பஸ் கட்டணமும் கேளுங்கள். பதிவில் பிரவுசிங் சென்டர்காரரின் மொபைல் எண்ணைக் கொடுக்காதீர்கள்; குறுஞ்செய்தியெல்லாம் அவருக்குப் போகும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' (கிடைத்ததில் சேர்வது), 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' (கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது) என்று சில வழிகள் வரும். அப்வர்ட் கொடுத்தால், கிடைத்ததற்கு மேலே உள்ள வரிகளுக்கு மட்டுமே வாய்ப்பு. எதையும் உறுதி செய்யாமல் கெடு தாண்டினால் அந்த இடம் போய்விடும்.