வெள்ளோட்டு ஏரியில் மூன்று பருவம்

பள்ளி நாட்களைப் பற்றிச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று வெளிநாட்டில் இங்குள்ள நண்பர்கள் கேட்டவுடன், என் நினைவில் முதலில் எழுந்தது ஈரோடு மாவட்டத்து வெள்ளோட்டு ஏரியின் சேற்று மணம்தான். பதினோராம் வகுப்பில் எங்களுக்குத் தாவரவியல் நடத்திய ஆசிரியர், 1988ஆம் ஆண்டு கார்த்திகையிலும், அடுத்த ஆண்டு மாசியிலும் சித்திரையிலுமாக மூன்று முறை எங்களை அந்த ஏரிக்கு அழைத்துச் சென்றார். செய்முறைத் தேர்வுக்குச் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி ஒப்படைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரே இடத்துக்கு ஏன் மூன்று முறை என்று நாங்கள் கேட்டதற்கு, போய்ப் பார்த்தால் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

சென்னிமலைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் அது. இருபுறமும் கிளுவை வேலி நெருங்கிய இட்டேரிப் பாதைகளைக் கடந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தபடி செல்வோம். எங்கள் பக்கத்து மண் வறண்டது. ஆடு மாடு மேய்வதற்கும் சோளம் கம்பு விளைவதற்கும் ஏற்றது. அந்த வறண்ட நிலத்தின் நடுவே சுமார் 77 ஹெக்டேர் பரப்பில் ஓர் ஏரி இருப்பதும், அதற்குள்ளேயே ஒரு கருவேலங்காடு நிற்பதும் முதன்முறை கண்டபோது நம்ப முடியாதவையாக இருந்தன. மழை நீரோடு, 1950களில் வந்த கீழ்பவானி வாய்க்காலின் கசிவு நீரும் அந்த ஏரிக்கு ஆதாரம். பாசனத்துக்கு வெட்டிய வாய்க்கால் ஒன்று, வழியில் ஒரு சதுப்புக் காட்டுக்கும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நான் இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன்.

கார்த்திகையில் நாங்கள் கரையை விட்டு இறங்கவில்லை. கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றிருந்தன. கிளைகளில் நாரைகளும் நீர்க்காகங்களும் அமர்ந்திருந்தன. பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களை ஆசிரியர் அடிமரத்தைப் பார்க்கச் சொன்னார். மாதக்கணக்கில் வேர் நீரில் மூழ்கியிருந்தும் பட்டுப்போகாமல் நிற்கக்கூடிய மரம் கருவேலம். அதனால்தான் 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ் தமிழகத்தின் பல ஏரிகளுக்குள் அதையே நட்டார்கள். சீமைக்கருவேலத்தையும் இதையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள் இன்றும் உண்டு. கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் சிறு பந்துபோல் உருண்டிருக்கும். காய் மணி கோத்த மாலைபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூவோ வெளிறிய மஞ்சளில் விரல்போல் நீண்டு தொங்கும். ஒன்று நம் மண்ணின் மரம், மற்றொன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வெட்டும்போது இழப்பு நம்முடையதாகிவிடுகிறது.

மாசியில் நீர் பின்வாங்கியிருந்தது. ஏரியின் விளிம்பில் செடிகள் பட்டை பட்டையாக, ஒவ்வொன்றும் தனக்குரிய ஈரத்தில் நின்றதை அன்றுதான் கண்டேன். கரைக்கு அருகில், முன்பே காய்ந்துவிட்ட தரையில் பொடுதலை பாய்போல் படர்ந்திருந்தது. அதற்குக் கீழே, மண் சற்றே குளிர்ந்திருந்த இடத்தில் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும். இன்னும் கீழே, காலடி அழுந்தும் இடத்தில் நீர்முள்ளி, அதன் நீலங்கலந்த ஊதாப் பூக்களோடு வரிசை கட்டியிருந்தது. அதையும் தாண்டி நீருக்குள் கோரையும் சம்பும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, "கண்ணுகளா, அந்த முள்ளுச் செடிக்கு அக்கட்டால போயிராதீங்க, முழங்காலு வரைக்கும் பொதியும்" என்றார். ஆசிரியர், "சரிங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். எந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, எப்போது விலகியது என்று படிக்கலாம் என்பதே அந்த மூன்று பயணங்களின் பாடம். அதை ஒரே வாக்கியத்தில் சொன்னவர் அந்த ஆத்தாதான்.

கரைச் சரிவில் நெய்வேலிக் காட்டாமணக்கும் இளஞ்சிவப்புப் பூக்களோடு புதராக மண்டியிருந்தது. ஆடுகள் அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மேய்ந்ததால், அது மட்டும் பெருகிக்கொண்டே போனது.

அன்று பறித்த கரிசலாங்கண்ணியை உரிய கவனத்தோடு நான் உலர்த்தவில்லை. பழைய செய்தித்தாள்களுக்கிடையில் வைத்து மேலே கல் ஏற்றினால் போதும் என்று இருந்துவிட்டேன்; தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும் என்பதைச் செய்யவில்லை. ஒரு வாரம் கழித்துப் பிரித்தபோது தண்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நசுங்கிய இலையின் சாறு கறுத்து, செய்தித்தாளில் இலையின் வடிவமாகவே படிந்திருந்தது. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, கூந்தல் எண்ணெய் காய்ச்ச அரைக்கும்போது தன் விரல்கள் கறுப்பதும் இதனால்தான் என்றார். செடியை இழந்தேன், ஆனால் அந்தக் கறை படிந்த தாளைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தேன்.

சித்திரைப் பயணத்தைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். அந்த ஆண்டு ஏரியின் பெரும்பகுதி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாசியில் நாங்கள் நெருங்க முடியாத இடங்களில் எல்லாம் நடந்தோம். வெடிப்பு ஒன்றின் ஓரத்தில் ஆசிரியர் குந்தி அமர்ந்து, காய்ந்து சுருண்ட ஆரைக்கீரைக் கொடியைக் கத்தியால் கெல்லி எடுத்தார். நான்கு சிற்றிலைகள் கூடிய ஆரையை வீட்டில் கீரையாகச் சமைத்திருக்கிறோம். அது பூக்காத, பெரணி இனத்துத் தாவரம் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தக் கொடியின் அடியில் பாசிப்பயறு அளவில், கறுத்து, கல்போல் இறுகிய சில காய்கள் ஒட்டியிருந்தன. விதைக்குப் பதிலாக வித்துத்தூள் அடங்கிய கூடுகள் அவை. பள்ளிக்குத் திரும்பியதும் ஆசிரியர் ஒன்றை எடுத்து, சவரக் கத்தியால் அதன் ஓட்டில் மெல்லக் கீறி, கண்ணாடிக் கிண்ணத்து நீரில் போட்டார். சிறிது நேரம் எதுவும் நிகழவில்லை. பிறகு ஓடு பிளந்து, உள்ளிருந்து கண்ணாடிபோல் தெளிந்த பசை இழை ஒன்று புழு நெளிவதுபோல் வெளியே வந்து நீண்டது. அதன் இருபுறமும் வெண்ணிறச் சிறு பைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. நாற்பது பேர் இருந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் பேசவில்லை. இந்தக் கூடு பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்தாலும் ஓட்டுக்குள் தண்ணீர் புகுந்தவுடன் உயிர்க்கும் என்று ஆசிரியர் சொன்னபோது, நாங்கள் செருப்புக் காலோடு நடந்து வந்த அந்த வெடித்த தரை முழுவதும் என் கண்முன் வந்தது.

ஏரி 1996இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதையும், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றதையும் வெளிநாட்டிலிருந்தே அறிந்து மகிழ்ந்தேன். 2023 மார்கழியில் ஊருக்குச் சென்றபோது என் மகளோடு கரையில் நடந்தேன். நீர் ததும்பி நின்றது. நாங்கள் செடி பறித்த இடங்கள் முழுவதும் மூழ்கியிருந்தன. அவள் கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கரையோர நீரையே தேடிக்கொண்டிருந்தேன். சேற்றில் விரற்கடை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஆரை, நீர் ஏற ஏறத் தன் காம்பை நீட்டிக்கொண்டே வரும். கருவேல மரம் ஒன்றின் அடியில், முழ நீளக் காம்புகளின் நுனியில், அதன் நான்கு சிற்றிலைகள் நீர்மேல் விரிந்து மிதந்துகொண்டிருந்தன.