பொலிஸார் கேட்காத கேள்வி

வாக்குமூலத்தில் நான் சொன்னதெல்லாம் உண்மை. எங்கள் ஸ்டோர் லொறியின் டிரைவர் தம்பி எத்தனை மணிக்கு போன் எடுத்தான், எங்கிருந்து எடுத்தான், நான் என்ன பதில் சொன்னேன், முதலாளிக்கு எப்போது சொன்னேன், எல்லாம் கேட்டார்கள், சொன்னேன். போனில் நேரம் பதிவாகியிருந்தது, அதையும் காட்டினேன். கடைசியில் வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தேன். அவன் என்னிடம் என்ன சொன்னான் என்று மட்டும் சரியாகக் கேட்கவில்லை. "விபத்து நடந்ததைச் சொன்னாரா?" என்றார்கள். ஆமாம் என்றேன். அதோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நுவரெலியா-கம்பளைப் பாதையில், ரம்பொடைக்குக் கீழே ஒரு முடக்கில்தான் லொறி ஓட்டோவில் பட்டிருக்கிறது. கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போன லொறி. இரவு, மழை விட்டு மிஸ்ட் இறங்கிய நேரம். பட்டதும் அவன் நிற்கவில்லை. புசல்லாவையையும் தாண்டி, கம்பளைக்கு இந்தப் பக்கம் ஓரங்கட்டி எனக்கு எடுத்தான்.

"அண்ணே, ஓட்டோ ஒன்னுல பட்டுருச்சு."

"ஆளுக்கு என்னா?"

"பாக்கல அண்ணே."

"எறங்கலயா நீ?"

"எறங்கல. ஆளுங்க ஓடி வந்தாங்க. அடிச்சிருவாங்கன்னு எடுத்துட்டேன்."

பக்கத்தில் இருக்கிற பொலிசுக்கு லொறியோடு போ, வேறு எங்கேயும் நிறுத்தாதே என்றேன். "போனா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா அண்ணே?" என்று கேட்டான். ஒளிந்தால் அதைவிட மோசம் என்றேன். அவன் போனான். போன இடத்திலேயே கைது செய்தார்கள். மறுநாள் நீதவான் முன்னால் நிறுத்தி, விளக்கமறியலில் வைத்தார்கள்.

அவனுடைய மனைவி எங்கள் ஸ்டோருக்கு வந்து, "நீங்க அனுப்பாட்டி அவரு போயிருக்கவே மாட்டாரு" என்று அழுதார். முதலாளி, வக்கீலிடம் பேசாமல் ஏன் அனுப்பினாய் என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். லொறியின் முன்பக்கம் அடிபட்டிருந்தது, வழியெல்லாம் கடைகளில் கமரா இருக்கிறது, காலையில் எப்படியும் வந்து பிடித்திருப்பார்கள். தானாகப் போனவன் என்று சொல்லவாவது இப்போது ஒரு வழி இருக்கிறது. அந்த விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

நிற்காமல் போனதுதான் வேறு விஷயம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், விபத்து நடந்தால் சாரதி உடனே வாகனத்தை நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. லைசன்ஸ் எடுக்கும்போதே எல்லோரும் படிப்பதுதான். ஆனால் இந்தப் பாதையில் பழைய டிரைவர்மார் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு. ஆட்கள் கூடினால் இறங்காதே, நேராகப் பொலிசுக்குப் போ என்பார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 77லும் 83லும் இந்த மலையில் தமிழர்களுக்கு நடந்ததை ஏதோ ஒரு விதத்தில் சொல்லாத வீடு எங்கள் பக்கம் இல்லை. இரவில், தெரியாத ஊரில், பாதிச் சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு பையன், ஆட்கள் ஓடி வருவதைக் கண்டால் என்ன நினைப்பான்? அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே பாதையில்தான் 2025 மே 11ஆம் திகதி கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று அந்தச் சரிவில் இறங்கித் தூக்கியவர்களில் அந்தப் பக்கத்து ஊர் ஆட்களும் இருந்தார்கள். ஆட்கள் ஓடி வருவது அடிக்கத்தான் என்று எப்படித் தெரியும்? இதை அவனிடம் கேட்க வேண்டும் என்று தோன்றும். பிறகு, வண்டிக்குள் இருந்தவன் அவன், ஸ்டோரில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் என்ற நினைப்பும் வரும்.

அப்புறம்தான் முதலாளி கொடுத்த காசோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓட்டோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கால் இரண்டு இடத்தில் உடைந்து, கம்பி போட்டிருந்தார்கள். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன், திட்டவில்லை. எப்படி நடந்தது என்று விவரமாகச் சொன்னார். ஓட்டோ சாய்ந்து, கால் அடியில் மாட்டிக்கொண்டதாம். வந்த ஆட்கள் கையால் தூக்கிப் பார்த்தும் முடியவில்லையாம், ஓட்டோவின் முன்பக்கம் மதகில் சிக்கியிருந்ததாம். யாரோ வீட்டுக்குப் போய் அலவாங்கு கொண்டு வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். 1990க்கு எடுத்து அம்புலன்ஸும் வந்து காத்துக்கொண்டிருந்ததாம். "லொறில ஜாக்கி இருந்திருக்கும் தானே மாத்தையா?" என்று கேட்டார். எங்கள் லொறியில் ஜாக்கி இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால். அதை அவரிடம் சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று நினைவில்லை.

பிணையில் வந்த பிறகு தம்பி சொல்வது வேறு. கண்ணாடியில் பார்த்தேன், ஆட்கள் அவரைத் தூக்கி வேனில் ஏற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன் என்கிறான். வக்கீலிடமும் அதையே சொல்லியிருக்கிறான். மிஸ்டில், முடக்கில், சைட் கண்ணாடியில் அவ்வளவு தெரியுமா? ஆஸ்பத்திரியில் கேட்ட கதைக்கும் இதற்கும் துளியும் பொருத்தமில்லை. ஆனால் அவன் பொய் சொல்கிறான் என்றும் எனக்கு முழுதாகத் தோன்றவில்லை. அப்படிப் பார்த்ததாக அவனே நம்ப ஆரம்பித்துவிட்டானோ என்னவோ. சிறையில் படுத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடத்தையே யோசித்தால் கண்ணாடியில் எதுவும் தெரியும்.

அன்று போனில் அவன் "பாக்கல" என்றதற்கும் நான் நூறு காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பதறியவன் சொன்னது. இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருப்பான். கேட்காததை வலிந்து சொல்வது சாட்சியின் வேலை இல்லை. எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஜாக்கியை நினைத்தால் ஒன்றும் நிற்பதில்லை.

பழக்கமான ஒரு சட்டத்தரணியிடம், யாருடைய வழக்கு என்று சொல்லாமல், பொதுவாகக் கேட்டேன். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, ஒருவர் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாதாம். வேறு ஆளிடம் சொன்னது அப்படி இல்லையாம். ஆக, பொலிசில் போய் நின்று அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தாலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. என்னை நம்பி போனில் சொன்னதற்கு அது இல்லை. அவன் முதலில் எனக்கு எடுத்தது நான் அண்ணன் என்பதால். அதனாலேயே அவனுக்கு அதிகக் கெடுதல் செய்யக்கூடியவனாக நான் ஆகிவிட்டேன்.

இப்போது புதிதாகச் சேருகிற டிரைவர்மாருக்கு நில், இறங்கு, பொலிசுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990 எடு என்றுதான் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் பக்கத்துப் பொலிசுக்குப் போ என்கிறேன். ஆபத்து என்பதை ஓடுகிற லொறியில் இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

வழக்கின் அடுத்த தவணை வருகிறது. என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். முதலாளி பிடித்துக் கொடுத்த வக்கீலுக்கு அந்த போன் பேச்சு முழுதாகத் தெரியாது. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதற்குப் பிறகு என்ன கேட்பது, எதை விடுவது என்று அவர் பார்த்துக்கொள்வார் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு அதுதான் ஒப்பவில்லை. என் பாரம் இறங்கும், சரி. ஆனால் அவர் தம்பிக்காகப் பேச வந்தவர், அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஓட்டோக்காரருக்காக அங்கே எழுந்து பேச யார் இருக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியின் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை என்பதையும் என்னால் ஒதுக்கி வைக்க முடியவில்லை. தவணைக்கு முதல் நாள் அவனையே கூப்பிட்டு, அன்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, கேட்டால் மறைக்க மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த வாரம் நினைத்திருக்கிறேன். போன வாரம் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.