பதகளிப்புக்கு மருந்து தொடங்கியபோது: கேட்டால்தான் சொன்னார்கள்

மருந்தின் பக்கவிளைவுகளைத் தாங்குவது எனக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. அவற்றைப் பற்றி ஒருவரிடமிருந்து ஒழுங்கான பதிலை வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இதே வாசலில் தயங்கி நிற்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது பதகளிப்பு, ஆங்கிலத்தில் anxiety என்பார்கள். வேலை கொழும்புக் கோட்டையில், வீடு வெள்ளவத்தையில். கடலோர ரயிலில் போகும்போது காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கொள்ளுப்பிட்டியில் இறங்கி, மேடையில் நின்று மூச்சு வாங்கி, அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பேன். பின்னிரவில் விழிப்பு வந்தால் அதன் பிறகு தூக்கம் கிடையாது. தைரொயிட் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. உளவள ஆலோசனைக்குப் போனதில் ஓரளவு தெளிந்தது, முழுதாகத் தீரவில்லை. ஆகவே மருந்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.

முதலில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் ஒரு நிபுணரைச் சனல் செய்தேன், அதாவது காசு கட்டி நேரம் பதிந்தேன். மாலைக்குக் கொடுத்த இலக்கம் இரவில்தான் வந்தது. உள்ளே இருந்தது சில நிமிடங்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுதத் தொடங்கிவிட்டார். பதகளிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எசிடலோபிராம் 10 மில்லிகிராம் காலையில், பதற்றத்தை உடனே தணிக்கும் குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் இரவில், ஒரு மாதத்துக்கு. "பக்கவிளைவு ஏதும் வருமா டொக்டர்?" என்று கேட்டேன். "பெரிதாக ஒன்றும் வராது" என்றார், மணியை அழுத்தினார். அடுத்தவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். நான் வேறு என்ன மருந்து எடுக்கிறேன், எனக்கு ஆஸ்துமா உண்டா, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது, எதுவுமே கேட்கப்படவில்லை.

அடுத்தது மருந்துக் கடை. நம் ஊரில் நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். குளிசைப் பட்டியைக் கத்தரியால் வெட்டி, எண்ணி, சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். வெட்டிய வெட்டில் மருந்தின் பெயரும் காலாவதித் திகதியும் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. உறையின் மேல் பேனாவால் ஒரு கிறுக்கல். அதற்குள்தான் என் மூளைக்குள் வேலை செய்யப்போகும் பொருள் இருந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாளைத் தரும்படி கேட்டேன். கல்லாவில் நின்ற இளைஞர், "அதை வாசித்தால் வீண் பயம்தான் வரும் மிஸ், குடித்தால் சரி" என்றார். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "மனவருத்த மருந்துதானே?" என்று வேறு சேர்த்துக்கொண்டார். முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் நகரவில்லை. மருந்தாளர் யார், அவரைக் கூப்பிடுங்கள் என்று நின்றேன். உள்ளேயிருந்து வந்த மருந்தாளர் ஒன்றும் பேசாமல் வேறொரு பெட்டியைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தார். பட்டியில் பெயர் இருந்த துண்டையும் தந்தார். தாள் உங்களுக்கும் கிடைக்கும், கேளுங்கள். உறையில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரும்படியும் கேளுங்கள். பின்பு எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் "வெள்ளைக் குளிசை" என்று சொல்லி நிற்க வேண்டியிருக்காது.

தாளை விரித்தால் மேசை நிறைந்தது. எறும்பு எழுத்தில் இரண்டு பக்கமும் வியாதிகள். அதை மேலிருந்து கீழே வாசித்தால் யாருக்கும் மருந்தே வேண்டாம் என்றுதான் தோன்றும். அங்கே பார்க்க வேண்டியது ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேலே போட்டிருக்கும் தலைப்பு. 10 பேரில் ஒருவருக்கு மேல் வருவது, 100 பேரில் ஒருவர் முதல் 10 பேர் வரை வருவது, 1000 பேரில் ஒருவருக்கு வருவது என்று தரம் பிரித்திருப்பார்கள். எசிடலோபிராமில் முதல் தரத்தில் நிற்பவை வயிற்றுப் பிரட்டலும் தலையிடியும். கொட்டாவி, வியர்வை, விசித்திரமான கனவு, தூக்கக் குழப்பம் அடுத்த தரம். என்னைத் திடுக்கிட வைத்தவை பெரும்பாலும் அடியில் இருந்தவை. ஆனால் தாள் சொல்லாத ஒன்று உண்டு. எது சில நாளில் போகும், எது மருந்து எடுக்கும் வரை கூடவே இருக்கும் என்பது அதில் இல்லை. நன்மை தீமையை எடைபோட்டு முடிவெடுக்க எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

வீட்டிலோ வேறு சண்டை. மாமி வந்து, "இந்த மருந்தெல்லாம் பழகிவிடும் பிள்ளை, தொடங்கினால் விடவே முடியாது. நாளைக்கு அங்கொடைக்கா போகப்போகிறாய்?" என்று அங்கொடை மனநல வைத்தியசாலையை நினைத்து அழுதார். அம்மா ஒன்றும் சொல்லாமல் உறையைச் சாமித் தட்டில் வைத்துவிட்டார். நான் இரண்டில் ஒன்றையும் குடிக்கவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் தொடங்குவது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி சனல் செய்யக் காசும் மனமும் இல்லாததால் அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனேன். முதல் பயணம் வீண். விடியமுன் போய் வரிசையில் நின்று சாளரத்தை அடைந்தால், வெளிநோயாளர் பிரிவிலிருந்து கடிதம் இல்லாமல் பதிய முடியாது என்றார் எழுதுவினைஞர். கடிதத்தை எங்கே வாங்குவது என்று கேட்டதற்குக் கையை மட்டும் காட்டினார். அங்கே போய் வாங்கிக்கொண்டு திரும்பினால் அன்றைய இலக்கங்கள் முடிந்துவிட்டன. மனநலக் கிளினிக் குறித்த நாட்களில்தான் நடக்கும் என்பதும் அப்போதுதான் சொல்லப்பட்டது. போகிறவர்கள் முதலில் தொலைபேசியில் கிழமையைக் கேளுங்கள். அடையாள அட்டை, வைத்தியர் எழுதித் தந்த பழைய மருந்துத் துண்டு, பரிசோதனை அறிக்கைகள், ஒரு கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை எனக்கு முன்னால் கொட்டாஞ்சேனையிலிருந்து மகனுக்காக வந்த ஓர் அம்மா நின்றார். சாளரத்தில் சிங்களத்தில் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. சொன்னவர் அதையே இன்னும் உரத்துச் சொன்னார், அவ்வளவுதான். அளவு மாறியிருக்கிறது, பாதிக் குளிசைதான் இனி என்பது சொல்லப்பட்ட செய்தி. நான் பக்கத்தில் நின்றதால் தமிழில் சொன்னேன். நின்றிருக்காவிட்டால் அந்தப் பையன் முழுக் குளிசையையே குடித்துக்கொண்டிருப்பான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியாகிவிட்டது. மருந்தின் அளவைச் சொல்லும் இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

உள்ளே இருந்தவர் இளம் வைத்தியர், ஒரு பெண். மெதுவான தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசினார். நான் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை வாங்கி மேசையில் வைத்து, ஒவ்வொன்றாகப் பேனாவால் தட்டித் தட்டிப் பதில் சொன்னார். இந்த ஒரு தாள் எனக்குச் செய்த உதவியை வேறு எதுவும் செய்யவில்லை. பதகளிப்பு உள்ளவருக்கு வைத்தியர் முன்னால் வாய் கட்டிவிடும். தாள் பேசும்.

வயிற்றுப் பிரட்டல் ஏன் என்று கேட்டேன். இந்த மருந்து செரட்டோனின் என்ற இரசாயனத்தின் மேல் வேலை செய்கிறது, உடலிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, மருந்து அங்கேயும் கை வைக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும் என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் முதல் வைத்தியர் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டியது. தொடக்க நாட்களில் பதகளிப்பே கொஞ்சம் கூடலாம்; அதனால்தான் பதகளிப்புக்கு வருகிறவர்களைக் குறைந்த அளவில் தொடங்குவது. 5 மில்லிகிராமில் ஒரு வாரம், பிறகு 10. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் வரை ஆகும். அதாவது தொல்லை முன்னால் வரும், பலன் பின்னால் வரும். இது தெரியாமல் 10இல் தொடங்கியிருந்தால், மருந்து எனக்கு ஒத்துவரவில்லை என்று சில நாளிலேயே நிறுத்தியிருப்பேன்.

மாமியின் பயத்துக்கும் பதில் கிடைத்தது. பழகிப்போகும் ஆபத்து உள்ளது குளோனசெபாம். அந்த வகை மருந்துகளை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. எனக்கு அது ஒரு மாதத்துக்கு எழுதப்பட்டிருந்தது, ஒரு சொல் எச்சரிக்கையும் இல்லாமல். எசிடலோபிராமுக்கு இன்னும் இன்னும் என்று ஏங்க வைக்கும் குணம் கிடையாது. ஆனால் சடாரென்று நிறுத்தினால் தலைச்சுற்றும் மின் அதிர்வு போன்ற உணர்வும் வரலாம், படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும். வீடு முழுக்கப் பயந்தது பிழையான குளிசையைப் பார்த்து. ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட குளிசை எழுதித் தந்தால், எதை எவ்வளவு காலத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மாதவிடாய் வலிக்கு என்ன எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். பொன்ஸ்டன் என்றேன். அந்த வகை வலி மாத்திரையும் எசிடலோபிராமும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்புக் கூடும், பனடோலில் சமாளிக்கப் பாருங்கள் என்றார். குடும்பத்தில் யாருக்காவது அளவு மீறிய உற்சாகமும் பிறகு ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வந்ததுண்டா என்றும் கேட்டார். இருந்தால் இந்த மருந்து அந்த உற்சாகத்தைத் தூண்டிவிடக்கூடுமாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும், என் வயது அதைத் தாண்டியிருந்தாலும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள் என்றார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியின் அட்டையில் எழுதித் தந்தார். அம்மாவிடம் சொன்னேன். சொன்னதிலிருந்து அவருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது, செய்ய ஒரு வேலை கிடைத்ததால்.

தாளின் கடைசிக் கேள்வியை எழுதும்போதே கை கூசியது. தாம்பத்திய உறவில் ஆசையும் உணர்ச்சியும் குறையுமா? வைத்தியர் முகம் மாறாமல் பதில் சொன்னார். ஆண், பெண் இருவருக்கும் வரலாம், பலர் கேட்க வெட்கப்பட்டுச் சொல்லாமலே மருந்தை விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப் பிரட்டலைப் போல இது தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. வந்தால் அளவைக் குறைக்கலாம், மேர்டசபீன் போன்ற வேறு மருந்துக்கு மாறலாம்; அதற்குப் பசியும் எடையும் கூடும் என்ற தொல்லை உண்டு. திருமணமானவர்களோ ஆகப்போகிறவர்களோ, இந்தக் கேள்வியைத் தயவுசெய்து விடாதீர்கள்.

தொடங்குவது என்று அன்று மாலையே முடிவாகிவிட்டது. தராசின் ஒரு தட்டில் சில வாரத்து வயிற்றுப் பிரட்டலும், வந்தாலும் வரலாம் என்ற ஒன்றிரண்டும். மறு தட்டில் நான் ஏற்கெனவே இழந்துகொண்டிருந்தவை: தூக்கம், ரயில், தோழியின் திருமணத்துக்குப் போகாமல் விட்டது, தளர்ந்துபோன உடைகள். மருந்து எடுக்காமல் இருப்பதற்கும் பக்கவிளைவு உண்டு. அதை எந்தத் தாளிலும் அச்சடிப்பதில்லை.

வைத்தியசாலை மருந்தகத்தில் அன்று அந்த மருந்து இருப்பில் இல்லை. அரச மருந்துக் கடையான ஒசுசலவில் கிடைத்தது, 10 மில்லிகிராம் குளிசைதான். நடுவில் கோடு இருந்தாலும் கத்தியால் வெட்டினால் ஒரு பாதி பெரிது, மறுபாதி தூள். குளிசை வெட்டும் சின்னப் பெட்டி விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தேன். முதல் நாட்களில் பத்து மணியளவில் வாயில் நீர் ஊறி வயிறு பிரட்டும். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் இரண்டு கிரீம் கிராக்கரும் தாங்கிப் பிடித்தன. கொட்டாவி வந்துகொண்டே இருந்தது, தூக்கம் இல்லாத கொட்டாவி. மேலாளர் ஒருமுறை உற்றுப் பார்த்தார். ஒருநாள் ரயிலில் நெஞ்சு முன்னைவிட மோசமாக அடித்தது. இதைத்தானே முன்கூட்டியே சொன்னார்கள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கொள்ளுப்பிட்டியில் இறங்கவில்லை.

இப்போது வயிறு சரி. தூக்கம் விடியும்வரை வருகிறது. கழுத்தில் வியர்வை மட்டும் போகவில்லை, கனவுகளும் விதவிதமாக வருகின்றன. இரண்டையும் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த கிளினிக்கில் சொல்ல வேண்டும். பயன் தெரிந்தால் குறைந்தது ஓராண்டாவது தொடர வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே இன்னுமொன்று: கிளினிக் கிழமையில் போயா எனும் பௌர்ணமி விடுமுறை வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். வந்தால் கிளினிக் தள்ளிப்போகும், குளிசை இடையில் முடிந்துவிடும். வரும் மாதம் எனக்கு அப்படித்தான் விழுகிறது. மருந்துத் துண்டைக் காட்டி இன்னும் ஒரு பட்டி வாங்கி வைத்துவிட்டேன், இந்த முறை வெட்டாத முழுப் பட்டி.