நாலு இஞ்ச் மிச்சம்: ஒத்தத்தோட்டா ரைபிளும் அத்தை மவனுக்க புருவமும்

எங்க பாட்டாவுக்கு ஒரு ஒத்தக்குழல் தோக்கு உண்டு. பன்னெண்டு போர்ன்னு சொல்லுற அளவு, 30 இஞ்ச் பேரலு (கொழலு), நடுவுல ஒடிச்சு தோட்டா போட்டு மூடணும், அம்புட்டுதான். குலசேகரத்துல ரப்பர் தோட்டத்துக்கு ராத்திரி காவலுக்கு போவும்போ தோள்ல தொங்கும், பாட்டா குட்டையான ஆளு, தோக்கு அவருக்க முட்டுல வந்து இடிக்கும். அத பாக்க வாறவங்க எல்லாரும் ஒரே வசனம்தான் சொல்லுவாவ, "கொழலு நீளமா இருந்தாதான் குண்டு தூரம் போவும்." உதயகிரி கோட்டையில டிலனாய் பீரங்கி வார்த்த காலத்துலேருந்து நம்ம ஊருக்காரனுக்கு இந்த நெனப்பு இருக்கும்னு நெனைக்கேன். கரிமருந்து காலத்துல அதுல உண்மையும் உண்டு, அந்த மருந்து எரிஞ்சு தள்ளுறதுக்கு நீளம் வேணும். இப்பம் உள்ள மருந்துக்கு அந்த கணக்கு அப்படியே செல்லாது.

இத இப்பம் எழுதுறதுக்கு காரணம் எனக்க அத்தை மவன். அமெரிக்காவுல இல்லினாய்ல இருக்கான், பொண்டாட்டி நர்ஸ், இவன் ஒரு மிஷின் கம்பெனியில வேலை, கிரீன் கார்டு வந்தாச்சு. கூட வேலை செய்யுற வெள்ளக்காரங்க மான் வேட்டைக்கு கூப்பிட்டிருக்காவ, இவனும் தோக்கு வச்சிக்கிட உள்ள கார்டு, வேட்டை லைசென்ஸ் எல்லாம் வாங்கி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ரைபிளும் வாங்கியாச்சு. நான் பட்டாளத்துல ஆர்மரரா, அதாவது தோக்கு ரிப்பேர் பாக்குறவனா இருந்தவன், .303, எஸ்எல்ஆர், இன்சாஸ்னு கையில படாத பட்டாள ரைபிள் பேரல் கெடையாது, அவனுக்கு அது தெரியும், ஆனா கேட்டது வாங்குன பொறவுதான். ராத்திரி பத்து மணிக்கு வீடியோ கால்ல வாறான், வலது புருவத்துக்கு மேல பிளாஸ்டர். "அத்தான், ஒரு சந்தேகம்"னு ஆரம்பிச்சான். எனக்கு பாத்த ஒடனே புரிஞ்சுபோச்சு, குறி பாக்க ரைபிள் மேல பூட்டுற ஸ்கோப் குழாய் பின்னால வந்து அடிச்சிருக்கு.

என்ன வாங்கினான்னு கேட்டா, .45-70 காலிபர் (காலிபர்னா குண்டுக்க குறுக்களவு, அத வச்சுதான் தோட்டாவுக்கு பேரு), 16 இஞ்ச் பேரல், ஒடிச்சு திறக்குற ஒத்தத்தோட்டா ரைபிள். கடையில எடுத்து பாத்தா கையில கொடை மாதிரி நின்னுச்சாம், அழகா இருந்துச்சாம். லே மக்கா, கடையில யாரும் வெடிச்சு பாக்கமாட்டான், அங்க எல்லா தோக்கும் அழகுதான்.

மொதல்ல ஏன் ஒத்தத்தோட்டா ரைபிள்னு சொல்லிருதேன். இல்லினாய்ல 2023 ஜனவரிக்கு முன்னாடி மானுக்கு ரைபிளே அனுமதி கெடையாது, ஸ்லக்குன்னு ஒத்த பெரிய குண்டு போட்ட ஷாட்கன், வாய்வழி மருந்து கெட்டிக்குற தோக்கு, இந்த மாதிரிதான். நெலம் சப்பட்டையா கெடக்கு, வீடுகளும் இருக்கு, ரைபிள் குண்டு எங்க போய் விழும்னு பயம். 2023லதான் ரைபிள விட்டாவ, அதுவும் ஒத்தத்தோட்டா மட்டும். காலிபருக்கும் கட்டுப்பாடு: .30க்கு கொறையாம இருக்கணும், தோட்டாக்கூடு நேரா குழாய் மாதிரி இருக்கணும், பாட்டில் கழுத்து மாதிரி சுருங்குற கூடுன்னா அதுக்க நீளம் 1.4 இஞ்ச தாண்டக்கூடாது. இதுல பெரிய பேருல்லாம் அடிபட்டு போச்சு. நான் சர்வீஸ்ல தடவி தடவி வச்ச எஸ்எல்ஆர் தோட்டாவுக்க அண்ணன் தம்பி .308, கூடு 2 இஞ்சுக்கு மேல, ஆவாது. .30-30, அதுவும் 2 இஞ்ச், ஆவாது. .30-06ன்னு ஒண்ணு, நம்ம பேச்சிப்பாறை அணை கட்டி முடிச்ச அதே 1906ல வந்தது, அமெரிக்காக்காரன் தலையில தூக்கி வச்சு கொண்டாடுற தோட்டா, அதுவும் அங்க மானுக்கு ஆவாது. அப்பம் காலிபர் தேர்வுல பாதி வேலைய சட்டமே முடிச்சு தந்திருது, மிச்சத்த தூரத்த வச்சு பாத்துகிடணும்.

இவன் எடுத்த .45-70 சட்டப்படி சரிதான். 1873ல அமெரிக்க பட்டாளத்துக்காக வந்த தோட்டா, .45 காலிபர், 70 கிரெய்ன் (குண்டு, மருந்து எடைக்கு உள்ள சின்ன அளவு) கரிமருந்து, பேருலயே எல்லாம் இருக்கு. குண்டு 405 கிரெய்ன், கெட்டியான சாமான். இன்னைக்கும் பன்னி, கரடி எதையும் பைய படுக்க வச்சிரும். ஆனா அந்த பழைய அளவு தோட்டாவ 100 கெஜத்துக்கு சரி பண்ணி வச்சா 200 கெஜத்துல ரெண்டு அடி கீழ போய் விழும். ரெண்டு அடி! மானுக்க முதுகுக்கு நேரா குறி வச்சாலும் வயித்துக்கு கீழ போயிரும். இப்பம் வேகமான புது லோடும் கெடைக்கு, 325 கிரெய்ன் குண்டு செகண்டுக்கு 2000 அடிக்கு மேல, ஆனா சுடும்போ அது பின்னால உதைக்குற உதைய ஆரு வாங்குவா? இவனுக்க ரைபிள் ஆறர பவுண்டு, நம்ம கணக்குல மூணு கிலோ. அந்த கனத்துக்கு அந்த லோடு போட்டு வெடிச்சா தோள்பட்டை சொல்லும் கதை. இவன் ஸ்கோப்ப கண்ணுக்கு கிட்ட பூட்டியிருக்கான், கட்டைய தோள்ல இறுக்கல, கன்னத்த முன்னால நீட்டி வச்சிருக்கான், மூணாவது ரவுண்டுல ஸ்கோப்புக்க வெளிம்பு புருவத்துல பிறை மாதிரி ஒரு வெட்டு. பட்டாளத்துல ரெக்ரூட் எல்லாம் தோள்ல நீலம் பாஞ்சுதான் வருவான், புருவம் கிழிஞ்சு வந்தது இவன்தான் எனக்கு தெரிஞ்சு மொதல் ஆளு.

இனி பேரல். "சின்ன பேரல் வச்சா புதர்ல மாட்டாது அத்தான்"ன்னான். மரத்துல கெட்டுன தட்டுல இருந்து சுடப்போறவனுக்கு புதர் எங்கேருந்து வந்துச்சு? சரி, விடு. ஒத்தத்தோட்டா ரைபிள்ல முக்கியமான காரியம் ஒண்ணு உண்டு, அத பலபேரு யோசிக்கது இல்ல. போல்ட் ரைபிள்ல பேரலுக்கு பொறவு, தோட்டாவ தள்ளி பூட்டுற போல்ட்டுங்குற இரும்புத்தண்டு முன்னும் பின்னும் ஓடுறதுக்கு ஒரு நீளம் வேணும், ஒத்தத்தோட்டாவுல அது கெடையாது, பேரல் முடிஞ்ச இடத்துல நேரா கட்டை தொடங்கியாச்சு. 22 இஞ்ச் பேரல் உள்ள போல்ட் ரைபிள் மொத்தம் 42 இஞ்ச் பக்கம் வரும், அதே பேரல் ஒத்தத்தோட்டாவுல 38 இஞ்ச்ல அடங்கும். நாலு இஞ்ச் சும்மா கெடைக்கு. அந்த நாலு இஞ்ச வச்சு என்ன செய்யணும்? நான் சொல்லுவேன் பேரல்லயே போடுன்னு. ரூகர் நம்பர் ஒன்னுன்னு 1960கள் கடைசியில வந்த ஒரு ரைபிள், கட்டைக்குள்ள இரும்பு கீழ எறங்கி திறக்குற வகை, அதுல 26 இஞ்ச் பேரல் வச்சும் சாதாரண 22 இஞ்ச் போல்ட் ரைபிள் நீளம்தான் வரும். சொத்து சும்மா கெடைக்கும்போ வெட்டி தூர களையது எதுக்கு?

பேரல் நீளம் எப்படி அளக்கதுன்னு அவனுக்கு கேமராவுல காட்ட எங்கிட்ட தோக்கு இல்ல (பாட்டா போன பொறவு லைசென்ஸ் மாத்த ஆளு ஓடல, ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு), அதனால கொடைய எடுத்தேன். தோட்டா இல்லன்னு ரெண்டு வாட்டி பாரு, மூடு, வாய் வழியா ஒரு கம்ப விடு, உள்ள போய் முட்டும், வாயோட சமமா கம்புல விரல வை, வெளிய எடுத்து அள. அதாக்கும் பேரல் நீளம். இதுல தோட்டா இருக்குற அறையும் சேரும், கேட்டியளா. .45-70 கூடு மட்டும் 2.1 இஞ்ச், அப்பம் 16 இஞ்ச் பேரல்ல குண்டு ஓடுறது 14 இஞ்ச்கூட இல்ல. அவன் கம்பு விட்டு அளந்து பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

இஞ்ச் கொறஞ்சா வேகம் எம்புட்டு கொறையும்னு கேட்டா, ஒரே பதில் கெடையாது. .308 மாதிரி தோட்டாவுக்கு ஒரு இஞ்சுக்கு செகண்டுக்கு 20, 25 அடி. மருந்து நெறைய அடைச்ச மேக்னம் தோட்டாவுக்கு அதுக்கும் மேல. நேர்க்கூடு தோட்டாக்கள்ல மருந்து சீக்கிரம் எரிஞ்சு முடியும், வாயும் அகலம், அதனால நஷ்டம் கொறவு. .300 பிளாக்அவுட்ன்னு ஒண்ணு இருக்கு, 9 இஞ்ச் பேரலுக்குன்னே பண்ணுனது, அதுக்கு நீளம் அம்புட்டு பெரிய விஷயம் இல்ல, கூடும் 1.37 இஞ்ச் பக்கம்தான், அதனால இல்லினாய் சட்டத்துல பாட்டில் கழுத்தா இருந்தும் தப்பிச்சு நிக்கு. ஆனா மானுக்கு அது பக்கத்து வீட்டு தூரம்தான். வேகம் மட்டும் பாத்தா 18 இஞ்ச் போரும்னு சொல்லலாம். நான் 22 கேக்கது வேற ரெண்டு காரணத்துக்கு. ஒண்ணு சத்தம். குட்டை பேரல்ல வாய் காதுக்கு கிட்ட வருது, வாயுவும் கூடுதல் அழுத்தத்தோட வெளிய வந்து வெடிக்கு, சத்தம் அடக்குற சைலன்சர் இல்லினாய்ல பொதுமக்களுக்கு கெடையாது. ரெண்டாவது, வாய்ப்பக்கம் கொஞ்சம் கனம் இருந்தா குறி ஆடாது, குளிர்ல கை நடுங்கும்போ அது தெரியும். 16 இஞ்சுக்கு கீழ போனா அமெரிக்காவுல கெடுபிடியான வேற சட்டம், அந்த வாசல்லயே போயி நிக்கணுமா?

துல்லியம் கூடும்னு நான் சொல்லல, அத கவனி. நீளத்துக்கும் துல்லியத்துக்கும் நேர் சம்பந்தம் இல்ல, கட்டி கூடுன குட்டை பேரல் நல்லாவே அடிக்கும். ஒடிச்சு திறக்குற ரைபிள்ல துல்லியத்த கெடுக்குறது முன்கட்டை. அது பேரல்லயே பூட்டி கெடக்குறதுனால, நீ எங்க தாங்கு குடுக்கியோ அதுக்கு தக்க குண்டு மாறும். இன்னைக்கு முன்னால தாங்குனா ஒரு இடம், நாளைக்கு பின்னால தாங்குனா வேற இடம். ஒரே இடத்துல, மணல் மூட்டை மேல, பேரல் எதுலயும் முட்டாம தாங்கு குடுக்கணும். பேரல சுவர்ல சாச்சு வச்சு சுட்டா குண்டு எங்க போவும்னு ஆண்டவனுக்குதான் தெரியும்.

அப்பம் என்ன காலிபர்? அவன் உக்காரப்போற சோளக்காட்டு வெளிம்பு அதிகம்னா 120, 130 கெஜம். நான் ரெண்டு சொன்னேன். .350 லெஜண்ட், 2019ல வந்தது, 150 கிரெய்ன் குண்டு, செகண்டுக்கு 2300 அடி பக்கம், உதை .308ல பாதி சொல்லலாம், 100க்கு சரி பண்ணினா 200ல ஒரு சாண்தான் எறங்கும். இன்னொண்ணு .360 பக்ஹாமர், 2023, பழைய .30-30 கூட்ட நேராக்கி பண்ணுனது, கொஞ்சம் கனமான குண்டு. எனக்க மனசு ரெண்டாவதுலதான். காரணம் அடியில உள்ள வெளிம்பு. நம்ம பன்னெண்டு போர் தோட்டாவுக்கு பித்தள அடியில துருத்திகிட்டு ஒரு வட்டம் இருக்குமே, அதே மாதிரி. ஒடிச்சு திறக்கும்போ எக்ஸ்ட்ராக்டர் அந்த வெளிம்ப முழுசா பிடிச்சு தூக்கும், தோட்டா அறைக்குள்ள எம்புட்டு ஆழம் நிக்கணும்ங்கதையும் வெளிம்பே தீர்மானிக்கும். .350ல வெளிம்பு துருத்தாது, பள்ளத்துல ஒரு சின்ன ஸ்பிரிங் நாக்குதான் பிடிக்கணும், தோட்டா நிக்கது கூட்டுக்க வாய்ல. ஓடும், குத்தம் இல்ல. ஆனா நவம்பர் குளிர்ல கையுறை போட்டுகிட்டு மாட்டுன கூட்ட நகத்தால நோண்டுறது... பாட்டா மழைக்காலத்துல வீங்குன பேப்பர் தோட்டாவ பிச்சாத்தி வச்சு நெம்புறத நான் பாத்திருக்கேன், அது போதும் எனக்கு. .450 புஷ்மாஸ்டர்ன்னு உதை கூடுன இன்னொரு தோட்டா வேணுமான்னு கேட்டான். புருவத்த தொட்டு பாருன்னேன்.

கடைக்காரன் கொஞ்சம் காச பிடிச்சுகிட்டு மாத்தி குடுத்தான். .360, 22 இஞ்ச். ஸ்கோப்ப கண்ணுலேருந்து நாலு விரக்கட தள்ளி பூட்டியிருக்கான், பேரல்ல புல்த்ரூ (துணி கெட்டி இழுத்து துடைக்குற கயிறு) இழுத்து காட்டினான், துடைக்குற துணி வெள்ளையா வாறது வரைக்கும் நிறுத்தாதேன்னு சொல்லியிருக்கேன். தோட்டா இல்லாம ட்ரிக்கர் அமுக்கி பழக ஸ்னாப் கேப்புன்னு மருந்தில்லாத டம்மி தோட்டா வாங்கவும் சொல்லியிருக்கேன். பக்கத்துல அத்தை இருந்து கேட்டுகிட்டே இருந்தாவ, "கோழி அறுக்கதுக்கு பயந்து கொல்லைக்கு ஓடுனவன் மான சுடப்போறானாக்கும்"ன்னு ஒரே சிரிப்பு.

நம்ம ஊர்ல இதெல்லாம் வாயால பேசலாம், அவ்வளவுதான். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி வேட்டை கெடையாது. காட்டுப்பன்னி கத தனி, காட்டுலேருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வந்தா சுடலாம்னு 2025ல தமிழ்நாடு அரசு சொல்லிச்சு, அதுவும் வனத்துறைக்காரங்கதான் சுடணும், நாம இல்ல. அந்தப்பக்கம் கேரளாவுல 2022லேருந்து பஞ்சாயத்து தலைவரே உத்தரவு போட்டு லைசென்ஸ் தோக்குக்காரன கூப்பிடலாம், எல்லையில கெடக்குற வெள்ளறடைக்கு அங்க ஒரு நியாயம் இங்க ஒரு நியாயம், பன்னிக்கு எல்லை தெரியுமா என்ன.

இத டைப் பண்ணிகிட்டு இருக்கும்போதே கீழ மரச்சீனி விளையில கடமுடான்னு சத்தம் கேக்கு. டார்ச்சும் தகர டின்னும் எடுத்துகிட்டு போறேன், மிச்சம் ஏதாவது கேக்கணும்னா காலையில கேளுங்க.