வரப்பு இல்லாத எல்லை: கிராம எல்லையை அளந்து வாங்கிய அனுபவம்

எங்கள் முப்பது சென்ட் நிலம் பார்வைக்கு ஒரே துண்டு. நடுவில் வரப்பு கிடையாது. ஆவணப்படி அது இரண்டு வருவாய்க் கிராமங்களில் கிடக்கிறது. தாத்தா வாங்கியபோதே இரண்டு கிரையப் பத்திரங்கள், பட்டாவும் இரண்டு. மணிலா (நிலக்கடலை) போட்ட காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. வீடு கட்டலாம் என்று வரைபடம் போடக் கொடுத்தபோதுதான் பொறியாளர் கேட்டார்: "வீடு எந்தக் கிராமத்தில் வருகிறது சார்?"

கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் நிலம் அடங்கும் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கான இரண்டாவது பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அதில் கிராமவாரியாக நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் உண்டு. புல எண்கள் (சர்வே எண்கள்) குறித்த கிராம வரைபடத்தின் மேல், எந்தப் புலம் எந்த உபயோகத்துக்கு என்று நிறம் தீட்டியிருப்பார்கள். எங்கள் மேற்குத் துண்டு ஆதாரக் குடியிருப்பு உபயோகப் பகுதி. அடுத்த கிராமத்தில் உள்ள கிழக்குத் துண்டு விவசாய உபயோகப் பகுதி. அதாவது கிராம எல்லைதான் மண்டலத்தின், அதாவது உபயோகப் பகுதியின், எல்லை. வீட்டின் ஒரு மூலை அந்தக் கோட்டைத் தாண்டினாலும் கோப்பு நின்றுவிடும்.

அந்தக் கோடு தரையில் எங்கே ஓடுகிறது என்பதை நிறம் தீட்டிய வரைபடம் சொல்லாது. 1:5,000 அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனான கோடு தரையில் 5 மீட்டர். எங்கள் வீட்டின் படுக்கையறை முழுவதும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். திட்ட அலுவலகத்தில் தெளிவாகவே சொன்னார்கள்: புல எண்ணைக் கொடுத்தால் மண்டலத்தைச் சொல்லலாம், புலம் எங்கே முடிகிறது என்பது வருவாய்த் துறையின் வேலை.

பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் வேறு வேடிக்கை. தாத்தாவின் பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. அப்பா பெயருக்கு எழுதிய பாகப்பிரிவினையில் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானதால் இன்றைய பட்டாவில் மறுபடியும் செங்கல்பட்டு. இது போதாதென்று பத்திரப் பதிவுக்கான பதிவு மாவட்டம் என்று ஒன்று, வருவாய் மாவட்டத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லாமல். ஊராட்சி எல்லையோ இன்னொரு கணக்கு: ஒரே ஊராட்சிக்குள் பல வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம். எங்கள் இரண்டு துண்டுகளும் ஒரே ஊராட்சிதான், குடிநீரும் தெருவிளக்கும் ஒரே இடத்திலிருந்து. 'ஒரே ஊர்தானே, எதற்கு அளவை' என்று ஊரில் பலர் கேட்டதற்கு அதுவே காரணம்.

அத்து, அதாவது நில எல்லை, காட்டச் சொல்லி, வாய்வழக்கில் எஃப் லைன் மனு, இரண்டு கிராமத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தேன். வட்டம் ஒன்று என்றாலும் அதன் உட்பிரிவான குறுவட்டம் (ஃபிர்க்கா) வேறு. ஆகவே நில அளவர்களும் இரண்டு பேர். இது அவருடைய எல்லை என்று இவரும், இவருடைய எல்லை என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்த வாரங்களைப் பற்றி எழுதினால் கட்டுரை நீளும். இருவருக்கும் மேலுள்ள நில அளவைத் துணை ஆய்வாளரிடம் இரண்டு மனு எண்களையும் ஒரே தாளில் எழுதி, கூட்டாக அளக்க ஒரு நாள் கேட்டேன். அதன் பிறகு நகர்ந்தது. கிராம எல்லையில் நிலம் உள்ளவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அளவை நாளன்று பார்த்ததுதான் எனக்கு உண்மையான பாடம். புலப்படம், அதாவது ஒரு புலத்தின் அளவைப் படம், என்பது வெறும் வடிவம் அல்ல, அளக்கும் முறையும் அதிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு நேர்கோடு. அதை ஜி லைன் என்கிறார்கள். அந்தக் கோட்டில் இத்தனை மீட்டர் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் விலகினால் எல்லையின் வளைவுப் புள்ளி. ஆக, இரண்டு கற்கள் கிடைத்தால் மற்ற எல்லாமே கிடைத்துவிடும். கற்கள் இல்லையென்றால் படம் சும்மா தாள்தான்.

எங்களுக்கு ஒரு கல் தெரிந்தது. மற்றொன்று, மூன்று கிராமங்கள் கூடும் இடத்து முச்சந்திக்கல், காணவில்லை. இரண்டு கிராமத்துப் புலப்படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொதுவான அந்த எல்லைக்கோட்டின் நீளம் ஒன்றில் சற்றுக் கூடுதலாக இருந்தது. எந்தப் படத்தை நம்புவது? முன்னறிவிப்புக் கிடைத்து வந்திருந்த பக்கத்து நிலத்துப் பெரியவர்தான் வழி சொன்னார்: "தம்பி, கல்லை இங்கே தேடாதீர்கள். ஏரிக்கரையை உயர்த்தியபோது மண் சரிந்து மூடிவிட்டது. அந்தக் கருவேல மரத்தடியில் பாருங்கள்."

அளவர் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தெரிந்த கல்லிலிருந்து இரண்டு படங்களின்படியும் தனித்தனியே அளந்து இரண்டு முளைக்குச்சிகள் அடித்தார். இரண்டுக்கும் இடையே கடப்பாரை போட்டார்கள். முழங்கால் ஆழத்தில் கணீரென்று ஒரு சத்தம். மண்ணை விலக்கியதும் தலையில் குறி செதுக்கிய கருங்கல் தெரிந்தது. மேற்குக் கிராமத்துப் படம் காட்டிய குச்சிக்கு ஒரு சாண் தள்ளி. நட்ட இடத்திலேயே இருக்கும் பழைய கல் படத்தைவிடப் பெரிய சாட்சி என்று அளவர் சொன்னார். இரண்டு கற்களுக்கும் கயிறு கட்டி, இரு பக்கத்துப் படங்களையும் அதற்குப் பொருத்தி, எல்லையில் புதுக் கற்கள் நட்டார்கள். கல்லுக்கான செலவு நம்முடையது. பெரியவரும் மற்ற அண்டை நிலத்தாரும் கையெழுத்திட்டார்கள். உடன்படாதவர்களுக்கு மேல்முறையீடு உண்டு, பிறகு நீதிமன்றம் உண்டு. அந்த அளவுக்குப் போகாதது எங்கள் நல்ல நேரம்.

கையொப்பமிட்ட அளவை வரைபடத்தையும் இரு கிராமப் புலப்படங்களின் நகல்களையும் இணைத்து, வீடு கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே என்று மனைப் படத்தில் அளவு எழுதிக் கொடுத்தோம். மண்டலம் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வீடு முழுக்க மேற்குக் கிராமத்தில், முதலில் நினைத்ததைவிடக் கொஞ்சம் தள்ளி.

கிழக்குத் துண்டுக்கும் வகைப்பாடு மாற்றம் வாங்கிவிடலாமே என்கிறான் தம்பி. அதற்குத் தனி மனு, கட்டணம், ஆட்சேபணை கேட்டு நாளிதழ் அறிவிப்பு, கடைசியில் அரசிதழ் என்று நீண்ட வழி. மூன்றாவது பெருந்திட்டத் தயாரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதன் வரைவு வந்ததும் எங்கள் புல எண்ணுக்கு என்ன நிறம் என்று பார்த்து, தேவையானால் அப்போதே ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிடுவது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை அங்கே மணிலாதான்.